ஐம்பத்தஞ்சு

தொடையில தட்டாதீங்கக்கா.

கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குப் புத்தி சொல்ல நான் யாரு. ஆனா அரை மணி நேரமா எதுத்தாப்புல உக்காந்து பார்த்துட்டே இருக்கறேன். நீங்க வாயில 'டொக்'குன்னு ஒரு சத்தம் குடுக்கறீங்க. அதே நேரத்துல உங்க விரலு பாப்பா தொடையில தட்டுது. பாப்பா வளையத்தை எடுத்துக் குச்சியில மாட்டுது. மறுபடி டொக்கு, மறுபடி தட்டு, மறுபடி வளையம். உள்ள காது டெஸ்ட்டுக்குப் போனா இதைத்தான் பண்ணச் சொல்லுவாங்கன்னு வீட்டுலயே பழக்கிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க. ஆனா தட்டறது உங்களுக்கே தெரியலை பாருங்க. அதனாலதான் சொன்னேன்.

இல்லீங்க, நான் நர்ஸெல்லாம் இல்லை. அஞ்சாவதோட நின்னவ. வெளி மனுசங்ககிட்ட எனக்குப் பேச்சே வராதுங்க. பால்காரர்கிட்ட அரை லிட்டர்ன்னு சொல்றதுக்குள்ள ரெண்டு தடவை எச்சி முழுங்குவேன். இன்னிக்கு என்னமோ வாய் தொறந்துருச்சு.

உங்களுது எத்தனாவது நம்பர்? இருபத்திநாலா? எங்களுது இருபத்திரெண்டு. இப்பத்தான் பத்தொம்பது உள்ள போயிருக்காங்க. நேரம் கெடக்கு.

இவளுக்கா? இவளுக்கு ஒண்ணும் இல்லீங்க. பதினோரு மாசம். தன்விகான்னு பேரு. நல்லாவே கேக்குது. நான் புருவத்தைத் தூக்கிக் காட்டினா டக்குன்னு அந்தப் பக்கம் திரும்புவா. கேக்காமயா திரும்புவா? அவங்கப்பாதான் பிடிவாதமா, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வந்தே ஆகணும்ன்னுட்டாரு. ஒரு வாரமா அவ பின்னாடியே உக்காந்து அவளையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் நெஞ்சுமேல கையை வச்சு டாக்டர்ன்னாரு. அவருக்குப் பொறவியில இருந்தே காது கேக்காதுங்க, பேச்சும் வராது. அதனால பயம். புள்ளைக்கும் இருக்குமோன்னு.

கீழ நிக்கறாரு. வேப்ப மரத்தடியில. மேல வர மாட்டாரு. இந்த மாதிரிக் கண்ணாடி வச்ச ரூம்பு இருக்கற இடத்துக்கு அவரு வரமாட்டாருங்க இப்பெல்லாம்.

மோகனசுந்தரம்ன்னு பேரு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில அயர்ன் மாஸ்டர். என்னைப் பொண்ணு பார்க்க வர்றப்பக் கொஞ்சம் காது மந்தம்ன்னுதான் சொன்னாங்க. கொஞ்சமா! பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் திரும்ப மாட்டாரு. எங்கண்ணன் குதிச்சான். எங்கம்மாதான், 'குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், வேற என்னடி வேணும்'ன்னு கட்டி வச்சுருச்சு. அதுல ஒண்ணும் பொய் இல்லீங்க. குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு.

கல்யாணத்தன்னிக்கு ஒரு சங்கதி நடந்துச்சு. தாலியைக் கையில குடுத்துட்டாங்க. ஐயரு 'கெட்டி மேளம், கெட்டி மேளம்'ங்கறாரு. மேளம் கொட்டுது. இவரு தாலியைப் பிடிச்சுட்டு அப்படியே நிக்கறாரு. எல்லாரும் அரிசியைக் கையில வச்சுட்டுக் கத்தறாங்க, 'கட்டுப்பா, கட்டுப்பா!' எங்கண்ணன் பின்னாடி சிரிக்கறான். எனக்கு வெக்கமாப் போச்சு. குனிஞ்ச தலையைக் கொஞ்சம் நிமித்தி அவரைப் பார்த்தேன். புருவத்தைத் தூக்கினேன். 'ம், கட்டுங்க'ங்கற மாதிரி. உடனே கட்டினாரு. மூணு முடிச்சையும் என் புருவத்தைப் பார்த்துத்தான் போட்டாரு.

அதுல இருந்து அதான் எங்களுக்குப் பாஷை. அவங்க ஆளுங்க பேசற கைப்பாஷை வேற, அதையும் அவரு எனக்குக் கத்துக் குடுத்தாரு, முக்காவாசி வரும். ஆனா வீட்டுக்குள்ள இது. கதவு தட்டினா புருவம். குக்கர் விசில் அடிச்சா புருவம். பின்னாடி லாரி வந்தா ரெண்டு புருவம். சத்தம்ன்னு சொல்லணும்ன்னா அவரு காதைத் தொட்டு, அப்புறம் புருவத்தைத் தொடுவாரு. அவருக்குச் சத்தம்ன்னா அதுதானுங்க. வேற சத்தம் அவரு எங்க பார்த்தாரு.

பிஸ்கட்டா? ஒரு துண்டு போதும்ங்க. முழுசாக் குடுத்தா என் சேலையெல்லாம் பூசிருவா.

அவரு ஓடுவாருங்க. திருடிட்டு ஓடறது இல்லை, ஓட்டப் பந்தயம். எண்ணூறு மீட்டர். விடியக்காலையில பாலத்துல இருந்து பைபாஸ் வரைக்கும் ஓடிட்டு வந்து, குளிச்சு, சாப்பிட்டு, கம்பெனிக்குப் போவாரு. எங்கண்ணன் கேப்பான், 'உம்புருசன் ஓடறான் சரி, தொரத்தறது யாரு?' தெருவுல 'ஊமையன் ஓடறான் பாரு'ம்பாங்க. அவருக்குத்தான் கேக்காதே. எனக்குக் கேக்கும்.

காது கேக்காத ஆட்டக்காரங்களுக்குன்னு உலகம் பூராவுக்கும் ஒரு போட்டி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? நாலு வருசத்துக்கு ஒருக்கா நடக்குதாம். எல்லா நாட்டுல இருந்தும் வருவாங்களாம். எனக்கும் தெரியாது, இவரு சொல்லித்தான் தெரியும். கை கால் முடியாதவங்க விளையாடற போட்டி வேறயாம், இது வேறயாம். அதுக்கு ஆள் எடுக்கறதுக்கு வச்ச ஓட்டத்தைப் பார்க்க என்னையும் கூட்டிட்டுப் போனாரு. இவ அப்ப வயித்துல ஆறு மாசம்.

மைதானம் நிறைய ஆளுங்க, ஆனா சத்தமே இல்லீங்க. கையெல்லாம் பேசிட்டே இருக்குது. துப்பாக்கி வெடிக்கலை. ஓடறவங்க கால் பக்கத்துல தரையில ஒரு விளக்கு வச்சிருந்தாங்க. செவப்பு, மஞ்சள், பச்சை. பச்சை எரிஞ்சதும் ஓட்டம். காதுல மெஷின் வச்சிருக்கறவங்க கழட்டிட்டுத்தான் ஓடணும். இவரு ரெண்டாவது சுத்துல அஞ்சு பேரை ஒவ்வொருத்தரா முந்தினாரு. நான் எந்திரிச்சு நின்னு கையைத் தட்டினேன். மைதானத்துலயே நான் ஒருத்திதான் தட்டறேன்! சுத்திப் பார்த்தா எல்லாரும் ரெண்டு கையையும் மேல தூக்கி விரலை விரிச்சு ஆட்டறாங்க. காத்துல எலை ஆடற மாதிரி. கேக்காதவங்களுக்குக் கை தட்டறது அப்படித்தானாம். நானும் தூக்கி ஆட்டினேன். வெக்கமே வரலை. யாரும் என்னைக் கூப்பிடலை, யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு நாள்தானுங்க நான் வெளி இடத்துல வெக்கமில்லாம இருந்தது.

முதலாவதா வந்தாரு. எடுத்துட்டாங்க. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ்காரர் வீடு விசாரிக்க வந்தாரு. எங்க தெருவுக்கு அதுக்கு முன்னாடி போலீஸ் வந்தது சண்டைக்குத்தான். எல்லாரும் வாசல்ல நின்னு பார்த்தாங்க. 'ஊமையன் ஏரோப்ளேன்ல போறானாமே'ன்னாங்க. ஊமையன்னாலும் பரவாயில்லை, ஏரோப்ளேன்ல போறானில்லை.

போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் மட்டும் வேணும்ன்னாரு கோச்சு. எட்வின் சாருன்னு பேரு. அவருக்குக் கேக்கும், ஆனா கைப்பாஷை நல்லாப் பேசுவாரு. காதைப் புதுசா டெஸ்ட் பண்ணின பேப்பர். காது கேக்காதுன்னு கவர்மெண்ட்டு குடுத்த பழைய கார்டு இருக்கு, ஆனா அது செல்லாது, புதுசுதான் வேணுமாம். ஐம்பத்தஞ்சுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ரெண்டு காதுல நல்லாக் கேக்கற காதுலயே ஐம்பத்தஞ்சு வரணும், அப்பத்தான் போட்டியில சேர்த்துவாங்கன்னாரு. 'மோகனுக்கு என்ன, தொண்ணூறுக்கு மேல வரும், சும்மா ஒரு நடைமுறைக்குத்தான்'ன்னாரு.

எனக்கு என்ன புரிஞ்சுது? ஐம்பத்தஞ்சு பாஸ் மார்க்குன்னு புரிஞ்சுது. டெஸ்ட்டுன்னா பாஸ் பண்ணணும். இவரு எங்க பாஸ் பண்ணப் போறாரு, இவருக்குத்தான் ஒண்ணுமே கேக்காதேன்னு எனக்கு அன்னிக்குப் பூராச் சோறு எறங்கலைங்க.

சிரிக்கறீங்களா? சிரிங்க. நானும் யோசிச்சா சிரிப்பு மாதிரித்தான் இருக்குது. கேக்காதவங்க போட்டிக்குக் கேக்கலைன்னாத்தானே சேர்த்துவாங்க. அது இப்பத் தெரியுது. அன்னிக்குத் தோணலை. அவரைக் கட்டினதுல இருந்து எந்த ஆபீசுக்குப் போனாலும், எந்த வேலைக்குப் போனாலும், 'கேக்குமா? கொஞ்சமாச்சும் கேக்குமா?'ன்னுதான் எல்லாரும் கேட்டிருக்காங்க. கேக்காதுன்னா வேலை இல்லை. கேக்காம இருக்கறதுக்கு ஒரு மார்க்கு குடுக்கற இடம் இந்த உலகத்துல இருக்கும்ன்னு நான் எப்படிங்க நெனைப்பேன்?

காது மெஷின் விக்கற கடை ஒண்ணு. அங்கயே டெஸ்ட்டும் எடுப்பாங்க. பெரியாஸ்பத்திரியில தேதி தள்ளிப் போகுதுன்னு சார் அங்க கூட்டிட்டுப் போனாரு. சாருக்குப் போன் மேல போன், வெளியிலயே நின்னுட்டாரு. உள்ள ஒரு பொண்ணு, என் வயசுதான் இருக்கும். இவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்கார வச்சு, காதுல பெரிய ஹெட்போன் மாட்டி, கையில ஒரு பொத்தானைக் குடுத்துச்சு. 'நீங்க இங்க என் பக்கத்துல உக்காருங்கக்கா. சத்தம் வந்தா அமுக்கணும்ன்னு அவருக்கு சைகையில சொல்லுங்க'ன்னுச்சு.

சொன்னேன். காதைத் தொட்டேன், புருவத்தைத் தொட்டேன், அமுக்கற மாதிரிக் காட்டினேன். சத்தம் வந்தா அமுக்குங்க. சரின்னு தலையாட்டினாரு.

அந்த மெஷின்ல ஒரு சின்ன செவப்பு லைட்டு. அந்தப் பொண்ணு சத்தம் அனுப்பறப்பெல்லாம் எரிஞ்சுது. எனக்குச் சத்தம் கேக்கலை, ஹெட்போனுக்குள்ளதானே போகுது. லைட்டு தெரிஞ்சுது. நான் லைட்டைப் பார்த்தேன். அவரு என்னைப் பார்த்தாரு. லைட்டு எரிஞ்சுது, அவரு அமுக்கினாரு. 'குட்'டுன்னுச்சு அந்தப் பொண்ணு. மறுபடி எரிஞ்சுது, மறுபடி அமுக்கினாரு. மறுபடி குட்டு. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துருச்சு.

நான் என்ன பண்ணுனேன்? ஒண்ணும் பண்ணலைங்க. கையை மடியில வச்சுட்டு உக்காந்திருந்தேன். புருவம் என்ன பண்ணுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் முகத்தை நானே பார்க்க முடியுமா? நீங்க தட்டறது உங்களுக்குத் தெரிஞ்சுதா?

முதல் தடவை சத்தியமாத் தெரியாதுங்க.

பேப்பர்ல நாப்பத்தஞ்சுன்னு வந்துச்சு. சார் பார்த்துட்டு மூஞ்சியே மாறிட்டாரு. 'இது எப்படி? கார்டுல தொண்ணூத்திரெண்டு இருக்கு, இதுல நாப்பத்தஞ்சு எப்படி வரும்? மெஷின் சரியில்லை போல. நாளன்னிக்கு மறுபடி எடுத்துப் பார்ப்போம். வெள்ளிக்கிழமைக்குள்ள பேப்பர் டெல்லிக்குப் போகணும்'ன்னாரு. எனக்கு என்ன புரிஞ்சுது சொல்லுங்க? பத்து மார்க்குல போச்சேன்னு புரிஞ்சுது. ஐம்பத்தஞ்சுக்குப் பத்து கம்மி. இன்னும் கொஞ்சம் நல்லா அமுக்கியிருந்தா வந்திருக்குமேன்னு.

அதனால ரெண்டாவது தடவை தெரிஞ்சேதான் தூக்கினேன்.

ஒரு லைட்டைக்கூட விடலை. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கறப்பவே தூக்கினேன். அதுக்கு மெஷினைப் பார்க்கவும் பேப்பர்ல புள்ளி வைக்கவுமே சரியா இருந்துச்சு. பக்கத்துல வயித்தைத் தள்ளிட்டு ஒருத்தி பேசாம உக்காந்திருக்கா, அவ புருவத்தை யாரு பார்ப்பா. அவரு பார்த்தாரு. ரெண்டு மூணு தடவை லேட்டா அமுக்கினாரு. அமுக்கட்டுமா வேண்டாமான்னு யோசிக்கற மாதிரி என்னையே பார்த்தாரு. நான் இன்னும் நல்லாத் தூக்கிக் காட்டினேன். அமுக்கிட்டாரு.

முப்பதுன்னு வந்துச்சு.

வெளியில வந்தோம். சார் நின்னாரு. ரஃபீக்குன்னு இவரோட சிநேகிதர், அவருக்கும் கேக்காது, அதே போட்டியில குண்டு எறியறவரு, அவரும் வந்திருந்தாரு. சார் பேப்பரைப் பார்த்தாரு. 'முப்பதா?'ன்னாரு. நான் அழுதுட்டேன். 'சார், இன்னும் ஒரு தடவை சார், அடுத்த தடவை கண்டிப்பா ஐம்பத்தஞ்சு எடுத்துருவாரு சார்'ன்னேன். வெளி ஆம்பளைகிட்ட நான் வாய் தொறந்து கேட்டது அதான் முதல் தடவை. சார் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. 'அம்மணி, ஐம்பத்தஞ்சுக்கு மேல போகணும்ன்னா காது கேக்கவே கூடாதுன்னு அர்த்தம். நம்பர் குறையக் குறைய நல்லாக் கேக்குதுன்னு அர்த்தம். முப்பதுன்னா உம்புருசனுக்கு நாம இப்பப் பேசறது கேக்கணும். கேக்குதா?'ன்னாரு.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

சார் வாயிலயும் கையிலயும் சேர்த்தே இவரைக் கேட்டாரு. 'உள்ள யாராச்சும் உனக்கு சைகை குடுத்தாங்களா?' அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. 'நீ ஏதாச்சும் காட்டினியா அம்மணி? பயப்படாமச் சொல்லு.'

நல்லவருதானுங்க. பயப்படாமச் சொல்லுன்னுதான் சொன்னாரு. அந்த இடத்துல 'ஆமாங்க சார்'ன்னு ரெண்டு வார்த்தை. ரெண்டே வார்த்தை. ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு பார்க்கறாங்க, கடைப் பொண்ணு வாசல்ல வந்து நிக்குது, அதுக்கு வேலை போயிருமோன்னு கண்ணுல தண்ணி. தலை ஆடுச்சு. இல்லைன்னு ஆடுச்சு.

இவரு என்னைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் சார் பக்கம் திரும்பி, யாரும் இல்லைன்னு கையை ஆட்டினாரு. நெஞ்சைத் தொட்டாரு, காதைத் தொட்டாரு. எனக்கே கேட்டுச்சுன்னு அர்த்தம். பாருங்க, எப்பவும் காதைத் தொட்டா அடுத்துப் புருவத்தைத் தொடுவாரு. அன்னிக்குக் காதோட நிறுத்திட்டாரு. பதட்டத்துல மறந்துட்டாரு போல. பாவம், லைட்டு எரிஞ்சது, பொத்தான் அமுங்கினது, பேப்பர்ல நம்பர் வந்தது, எல்லாம் சேர்ந்து தனக்கு நெசமாவே கொஞ்சம் கேக்குதுன்னு நம்பிட்டாருங்க.

ரஃபீக் வாய்க்கு முன்னாடி ஒரு விரலைக் குறுக்க இழுத்தாரு. அவங்க பாஷையில பொய்யன்னு அர்த்தம். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாரு.

சார் விடலை. மூளைக்கு வயர் வச்சுப் பார்க்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல யாரும் அமுக்க வேண்டியதில்லை, தூங்கினாலும் போதும், அது உண்மையைச் சொல்லிரும், மாசக் கடைசியில தேதி கெடைக்கும், இந்தத் தடவை போனாலும் அடுத்த தடவைக்கு ஆகும்ன்னாரு. 'வாடா, நான் கூட வர்றேன்'ன்னு வீட்டுக்கே வந்து கூப்பிட்டாரு. இவரு மாட்டேன்னுட்டாரு. 'அப்பப் பழைய கார்டு பொய்யா? இத்தனை வருசம் எல்லாரையும் ஏமாத்துனியா?'ன்னு சார் கேட்டாரு. இவரு என்னைத் திரும்பிப் பார்த்துட்டு, போதும் விடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஏன் அந்த டெஸ்ட்டுக்குப் போகலைன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியலைங்க. போயிருந்தா அவரு பொய்யன் இல்லைன்னு ஆயிருக்குமில்லை?

சொல்லியிருக்கலாம்ன்னு சொல்றீங்க. தெரியும்ங்க. ஒரு வருசமாச் சொல்லியிருக்கலாம்தான். சமையல்கட்டுல தினம் சொல்லிப் பார்க்கறேன். நான்தான் காட்டினேன்னு அவருகிட்டச் சொன்னா, தனக்குக் கொஞ்சம் கேக்குதுன்னு நெனச்சுட்டு இருக்கற மனுசன் மனசு என்ன ஆகும்? ஓட்டமும் போச்சு, அந்த நெனப்பும் போகணுமா? அதனாலதான் சொல்லலை. வேற ஒண்ணும் இல்லை.

இருபதா? இருபதுதான் கூப்பிட்டாங்க. உக்காருங்க.

போட்டிக்குப் போற குழு கெளம்பற அன்னிக்கு இவரு ஓட்டத்துக்குப் போடற ஸ்பைக்ஸ் ஷூவைத் தொடைச்சுத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாரு. இவருக்குப் பதிலாப் போற பையனுக்கும் அதே அளவுக் காலாம். குடுத்துட்டு வந்தாரு. வாங்கிக்கிட்டாங்களாம். கை குடுக்கலையாம்.

முன்னெல்லாம் சாயங்காலம் ஆனா இவரு போன்ல லைட்டு மின்னிட்டே இருக்கும்ங்க. கேக்காதவங்களுக்கு போன் வந்தா லைட்டு மின்னற மாதிரி வச்சிருப்பாங்க. எட்டுப் பத்துப் பேரு, வீடியோவுல கையை ஆட்டி ஆட்டி அரட்டை. அவங்க சிரிக்கற சத்தம் மட்டும் எனக்குக் கேக்கும். கைப்பேச்சுல சண்டை போடுவாங்க, கேலி பண்ணுவாங்க. அந்த நேரத்துல அவரு வேற ஆளு. எங்க தெருவுல ஊமையன், அந்த போன்ல அவருதான் வாயாடி. அதுக்கப்புறம் அந்த லைட்டு மின்னலை. கேக்கறவனுக்கு எங்ககிட்ட என்ன வேலைன்னு குழுவுல இருந்து எடுத்துட்டாங்க. இன்னும் சாயங்காலம் ஆனா போனை எதுத்தாப்புல சாச்சு வச்சுட்டு உக்காந்திருப்பாருங்க. கேக்கறவங்க நாங்க யாரும் அவருகிட்டப் பேச மாட்டோம், கேக்காதவங்களும் பேச மாட்டாங்கன்னா அந்த மனுசன் யாருகிட்டத்தான் பேசுவாரு.

அந்த எண்ணூறு மீட்டரை போன்ல காட்டினாங்க. இவ பொறந்து ரெண்டு மாசம். மடியில இவளைப் போட்டுட்டுப் பார்த்தாரு. நான் பின்னாடி நின்னேன். இவரோட ஷூ எனக்கு அடையாளம் தெரிஞ்சுது, எடது கால் நாடா மட்டும் மஞ்சள், நான் கோத்துக் குடுத்தது. தரையில செவப்பு எரிஞ்சுது. மஞ்சள் எரிஞ்சுது. பச்சை எரிஞ்சதும் இவரு முட்டி துள்ளுச்சுங்க. ஒரே துள்ளு. புள்ளை தூக்கிப் போட்டு அழுதா.

அந்தப் பையன் ஆறாவதா வந்தான். அவங்க எல்லாரும் மைதானத்துல கையைத் தூக்கி விரலை ஆட்டினாங்க. இவரும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினாரு. வீட்டுக்குள்ள, ஒத்தையில உக்காந்துட்டு. நான் சமையல்கட்டுக்குப் போயிட்டேன்.

இப்ப ஓடறது இல்லைங்க. தொப்பை கூட லேசா விழுந்துருச்சு. என் மேல கோவமெல்லாம் இல்லை. ஆனா என் மூஞ்சியைப் பார்க்கறதை விட்டுட்டாரு. அதாவது பார்ப்பாரு, புருவத்தைப் பார்க்க மாட்டாரு. கதவு தட்டுதுன்னு தூக்கினா திரும்பிக்குவாரு. அன்னிக்கு ரோட்டுல வண்டி இடிக்கப் பார்த்துச்சு. தனக்குக் கேக்குதுங்கற தெம்பு போல. சில நேரம் நான் புள்ளையைத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கறப்ப வந்து, கட்டை விரலால என் புருவத்தை மெதுவா நீவி விடுவாரு. கலைஞ்ச கோலத்தைச் சரி பண்ற மாதிரி. எதுக்குன்னு தெரியலை. நான் கேட்டுக்கலை.

ஆனா புள்ளை மேல உசுரு. அவ கன்னத்துல குழி விழும் பாருங்க, தன் கன்னத்துல அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினா, அதான் அவரு பாஷையில தன்விகா. அவளும் கெட்டி. குக்கர் விசில் அடிக்குதுன்னு வைங்க, முதல்ல என் மூஞ்சியைத்தான் பார்ப்பா. அப்புறம்தான் அடுப்பைப் பார்ப்பா. ஒவ்வொரு தடவையும்! பதினோரு மாசத்துக்கு எம்புட்டு அறிவு பாருங்க. நான் துணி துவைக்கப் போயிட்டா மட்டும் விசிலு அடிச்சாக்கூட வெளையாடிட்டே இருப்பா. அதை இவரு பார்த்துட்டாரு. விசிலு அடிக்கறப்ப குக்கர் ஆடறது, ஆவி வர்றது இவருக்குத் தெரியுமில்லை. குக்கரைப் பார்ப்பாரு, அவளைப் பார்ப்பாரு, என்னைப் பார்ப்பாரு. ஒரு வாரம் இதே வேலை. அப்புறம்தான் டாக்டர்ன்னாரு.

ஏங்க்கா அப்படிப் பார்க்கறீங்க?

இருபத்திரெண்டுங்களா? ஆமாங்க சிஸ்டர், நாங்கதான். இதோ. சீட்டு பையிலதான் வச்சேன். இந்தப் பையில ஒண்ணு தேடினா ஒண்ணு வரும். அட, இது வேற. இதைப் பாருங்க, இவரோட கூலிங் கிளாஸு. அந்தப் பந்தயத்துல ஜெயிச்சப்ப சார் வாங்கிக் குடுத்தது. காலையில கெளம்பறப்ப எனக்கு மாட்டி விட்டாருங்க! நான் என்ன சினிமாவுக்கா போறேன்னு தள்ளி விட்டேன். விடலை. மாட்டி, இப்படித் தாடையைப் பிடிச்சு நிமித்திப் பார்த்தாரு. பத்தலைன்னு மூக்கு மேல ஏத்தி விட்டாரு. தூக்கிக் காட்டுன்னாரு, புருவத்தை. ஒரு வருசத்துக்கு அப்புறம் அவரே கேட்டாருன்னு நானும் தூக்கினேன். கிளாஸுக்கு மேல தெரியுதான்னு குனிஞ்சு பார்த்தாரு. தெரியலை. அப்புறம் கழட்டிப் பையில போட்டுட்டு, அந்த ரூம்புக்குள்ள போறப்பப் போட்டுக்கோன்னு...

அக்கா.

எனக்கே கேட்டுச்சுன்னு சொன்னாரில்லை. காதை மட்டும் தொட்டாரில்லை. அது மறந்து இல்லைங்க்கா.

வர்றேங்க சிஸ்டர். ஒரு நிமிசம். புள்ளை மடியிலதான் இருக்கணும், அம்மா அசையக் கூடாது, தெரியும்ங்க. வர்றேன்.

அக்கா, கையில புள்ளை இருக்குது. அந்தக் கிளாஸைக் கொஞ்சம் எனக்கு மாட்டி விடுங்க. மேல ஏத்துங்க. புருவம் தெரியுதா? இன்னும் தெரியுதுங்களா? இன்னும் கொஞ்சம் மேல.